மட்டாஞ்சேரியில் கையைத் தூக்கச் சொன்னவள்

பியூட்டி பார்லர் வைத்திருப்பவளிடம் எல்லாரும் முகத்தைப் பற்றித்தான் உரக்கக் கேட்பார்கள். கக்கத்தைப் பற்றிக் கேட்பதென்றால் கதவைச் சாத்திவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள். எழுபதுகளின் கடைசியிலிருந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மாடி அறையில் அந்தச் சாத்திய கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் நான்.

இதைப் படிக்கிறவர்களில் எத்தனை பேர் பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்காமல் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு தள்ளாடியிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். முடி எடுத்த அன்றைக்குக் கக்கம் கண்ணாடி மாதிரி இருக்கும். நாலாம் நாள் பொரிப்பொரியாகக் கிளம்பும். ரவிக்கை உரசினால் எரியும், வேர்த்தால் அரிக்கும், வெளியே சொன்னால் மானம் போகும். கொச்சியில் அதற்குக் குரு என்று பேர். வெட்கப்படாதீர்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

கரும்பலகையில் ஒரு கை

கல்யாணத்துக்கு முன்னால் மெட்ராஸில் பெரியப்பா வீட்டில் தங்கி மூன்று மாதம் இந்தத் தொழிலைப் படித்தேன். நாங்கள் பன்னிரண்டு பெண்கள். புருவம், முகம், கை, கால் எல்லாம் ஒருத்திக்கு ஒருத்தி செய்து பார்த்தே கற்றுக்கொண்டோம். கக்கத்துப் பாடம் வந்த அன்று டீச்சர் மேசையைத் தட்டி, "யாராவது ஒருத்தி படுத்துக் கையைத் தூக்குங்கம்மா" என்றார். பன்னிரண்டு பேரும் தரையைப் பார்த்தோம். ஒருத்திக்குத் திடீரென்று காய்ச்சல் வந்தது. இன்னொருத்தி, வீட்டில் தெரிந்தால் கொன்றுவிடுவார்கள் என்று கண் கலங்கினாள். நான் பெரிய தைரியசாலி என்று பேர் வாங்கியவள். அன்றைக்கு என் பென்சில் கீழே விழுந்துவிட்டது, அதைத் தேடவே எனக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

டீச்சர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சாக்பீஸை எடுத்தார். கரும்பலகையில் ஒரு கையை வரைந்தார், அதன் அடியில் மழை பெய்கிற மாதிரி மேலிருந்து கீழே கோடுகளாக முடி போட்டார், பக்கத்தில் ஓர் அம்புக்குறி. சர்க்கரைப் பாகைக் கீழ்நோக்கித் தடவு, துணியை ஒட்டு, மேல்நோக்கி ஒரே இழுப்பு. பாடம் முடிந்தது. நான் அந்தப் படத்தை நோட்டில் வரைந்து கலர் பென்சில் வேறு தீட்டினேன். டீச்சர் அதைப் பார்த்து மெச்சிவிட்டுச் சொன்னார்: "படத்துல இருக்கற மாதிரியே செய்ங்கம்மா, ஒரு தப்பும் வராது."

மாடியில் அல்வா

என் வீட்டுக்காரருக்கு மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு மிளகு ஏற்றுமதிக் கம்பெனியில் குமாஸ்தா வேலை. பாளையங்கோட்டையில் தாலி கட்டிக் கொச்சியில் கொண்டுவந்து இறக்கினார். குடியிருந்தது ஜசுபென் வீட்டின் பின்கட்டில். ஜசுபென்னின் குடும்பம் எந்தக் காலத்திலோ குஜராத்தின் கட்ச்சிலிருந்து வந்தது. அவர் பிறந்து வளர்ந்தது எல்லாம் மட்டாஞ்சேரிதான். தன் வீட்டுக்காரரோடு குஜராத்தி, மீன்காரியோடு சண்டை போட மலையாளம், என்னோடு மலையாளமும் தமிழும் சரிபாதி. நான் தொழில் படித்தவள் என்று தெரிந்ததும் மாடியில் சும்மா கிடந்த அறையைத் திறந்துகொடுத்தார். அந்த அறை கிடைத்ததால்தான் நான் ஒரு மனுஷியானேன். இல்லாவிட்டால் பின்கட்டில் சோறு வடித்துக்கொண்டே கிழவியாகியிருப்பேன், சத்தியமாகச் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் மெழுகு டப்பாவில் வராது, நாமேதான் காய்ச்ச வேண்டும். சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் தண்ணீர். கம்பிப் பதம் தாண்டித் தேன் நிறம் வரும்போது இறக்க வேண்டும். முதல் நாள் காய்ச்சியபோது வாசனை தெருமுனை வரைக்கும் போய்விட்டது. ஜசுபென் கையில் தட்டோடு மாடியேறி வந்தார். இது சாப்பிடுகிற பொருளில்லை, முடி எடுக்கிற பொருள் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் விரலைவிட்டு வழித்து நாக்கில் வைத்துக்கொண்டார். கண்ணை மூடி ருசி பார்த்தார். பிறகு என் பேரோடு, சகோதரி என்று பொருள்படும் அவர்களுடைய 'பென்'னையும் சேர்த்துத் தீர்ப்புச் சொன்னார்: "நல்லதாணு சரோஜாபென். கொஞ்சம் ஏலக்காய் போடு."

முதல் மூன்று பேர்

கையும் காலும் எனக்குப் பேர் வாங்கித் தந்தன. ஆறே மாதத்தில் எர்ணாகுளத்திலிருந்து போட் ஏறி என்னைத் தேடி வந்தார்கள். கையில்லாத ரவிக்கை அப்போதுதான் எங்கள் பக்கம் வந்து இறங்கியிருந்தது, கூடவே கக்கமும் வந்தது. முதலில் பேங்க்கில் வேலை பார்த்த சுமதி, அடுத்து பள்ளிக்கூடத்து ரமணி டீச்சர், மூன்றாவது ஜசுபென்னின் ஒரே மகள் ஹன்ஸா. படத்தில் இருந்தபடியே கீழ்நோக்கித் தடவி மேல்நோக்கி ஒரே இழுப்பு. பட்டு மாதிரி வந்தது. மூன்று பேரும் என்னைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிவிட்டுப் போனார்கள்.

நாலாம் நாள் மூன்று பேருக்கும் குரு. ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்தான் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்தாள். போட் ஜெட்டியில் மூன்று பேரும் கையை ஒட்டினாற்போல வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து ஒருத்திக்கொருத்தி விஷயம் புரிந்துவிட்டது. போதாதா? மாடியில் ஒரு தமிழத்தி சர்க்கரையைத் தடவித் தோலைக் கெடுக்கிறாள் என்று பேச்சுப் பரவியது. வந்துகொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் நின்றார்கள். ஹன்ஸாவுக்கு மூன்று தடவை செய்தேன், மூன்று தடவையும் முன்னைவிட மோசம்.

அந்தச் சமயம் பார்த்து ஹன்ஸாவுக்குப் பம்பாயில் இடம் முடிவானது. கல்யாணத்துக்கு மூன்று மாதம். அவர்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் கர்பா ஆட வேண்டும், பெண்ணும் ஆடுவாள். கையில்லாத ஜாக்கெட், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கித் தட்டுகிற ஆட்டம். ஜசுபென் மாடிக்கு வந்தார், உட்காரவில்லை. தெருவில் நாலு பேர் சொல்வதைக் கேட்டுக் கேட்டு முகம் இறுகிப்போயிருந்தது. "கர்பாவுக்குள்ள என் மோள் கை சரியாகணும். இல்லெங்கில் நீ மாடி காலி செய்யணும், சரோஜாபென்."

நைலக்ஸ் சகோதரிகள்

அவர் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்கு மூளை வேலை செய்யும், அது எங்கள் பரம்பரைக் குணம். என் கையில் தப்பா, போகிறவர்கள் செய்வதில் தப்பா, ஒன்று தெரிந்தாக வேண்டும். வந்த ஒவ்வொருத்தியையும் போலீஸ்காரன் மாதிரி விசாரிக்க ஆரம்பித்தேன். இங்கிருந்து எங்கே போனாய்? என்ன உடுத்தினாய்? எதைப் பூசினாய்?

செர்லாய்ப் பக்கத்திலிருந்து ஓர் அக்காவும் தங்கையும் வருவார்கள், கொங்கணிக்காரர்கள். என் மேசையிலிருந்து எழுந்த உடனே, சிவந்த கக்கத்தின் மேல் உடம்பைப் பிடிக்கிற நைலக்ஸ் ரவிக்கையை மாட்டிக்கொண்டு, மத்தியான வெயிலில் போட்டுக்கு வரிசையில் நின்று, எர்ணாகுளம் போய்ச் சினிமா பார்த்துவிட்டு வருவார்களாம். வேர்வை நாற்றம் போகப் பவுடரை அப்புவார்களாம். அதற்கு மேல் அண்ணன் சவரம் செய்துகொண்டு போடுகிற வாசனைத் தண்ணீர். எரிந்தால் மருந்து வேலை செய்கிறது என்று சந்தோஷம் வேறு! முடியைப் பிடுங்கின இடம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கும், அதில் வேர்வையையும் பவுடரையும் ஸ்பிரிட்டையும் போட்டு அடைத்தால் அது என்ன செய்யும் பாவம்? இரண்டு நாள் தொளதொளவென்று பருத்தி ரவிக்கை, பச்சைத் தண்ணீர்க் குளியல், பவுடர் கூடாது, சென்ட் கூடாது, சொறியக் கூடாது என்று கண்டித்துச் சொன்னேன். தங்கை தலையாட்டினாள். அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்துச் சொன்னாள்: "சேச்சி, சாரிக்கு மேட்ச் இல்லாத காட்டன் ரவிக்கை போட்டா, ஜனம் குருவை விட்டுட்டு அதைத்தான் பார்க்கும்!"

தாலிச் சரட்டு ஊக்கு

ரமணி டீச்சர் பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணக் குடும்பம். கணக்கு டீச்சர், எதையும் தானே தீர்த்துப் பார்க்கிற ரகம். குருவுக்குள் முடி சுருண்டு கிடப்பது கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. தாலிச் சரட்டில் தொங்குகிற ஊக்குகளில் ஒன்றை எடுத்து, கண்ணாடி முன் நின்று, தோண்டி எடுத்திருக்கிறார். ஒன்று வந்ததும் உற்சாகம் பிறந்து ஏழு எட்டைத் தோண்டியிருக்கிறார். என்னிடம் வந்தபோது கக்கத்தில் நெல்லிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது.

அப்போது என் நாற்காலியில் பிலோமினா புருவம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ், கல்ஃபுக்குப் போகக் காகிதத்துக்குக் காத்திருந்தவள். ஒரு புருவம் வில்லாக, இன்னொன்று காடாக இருக்க, துள்ளி எழுந்து வந்து டீச்சரின் கையைத் தூக்கிப் பார்த்தாள். "சேச்சி, இதில இனி விரல் வைக்கருது" என்று என்னைத் தடுத்தாள். டீச்சரை அன்றைக்கே டாக்டரிடம் போகச் சொன்னாள். பிறகு எனக்குப் பாடம் எடுத்தாள். சாதாரணக் குரு என்றால் சுத்தமான துணியை இளஞ்சூட்டு வெந்நீரில் பிழிந்து பத்து நிமிஷம் ஒத்தடம், ஒரு நாளைக்கு மூன்று தடவை. கிள்ளாதே, பிதுக்காதே, அது ஆறுகிறவரை அந்த இடத்தில் பிளேடும் வேண்டாம், பாகும் வேண்டாம். சீழ் வைத்தாலோ காய்ச்சல் வந்தாலோ அது பார்லர் வேலை இல்லை, டாக்டர் வேலை. எனக்கு மெட்ராஸில் மூன்று மாதத்தில் கிடைக்காத படிப்பை அவள் அரைப் புருவத்தோடு நின்று சொல்லிக்கொடுத்தாள். டீச்சர் மட்டும் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை: "தாலியிலே கெடக்கற ஊக்குதானேன்னு நெனச்சேன், அதுலே என்ன அழுக்கு இருக்கப் போறது?"

இரண்டு கண்ணாடி

பருத்தியும் ஒத்தடமும் பாதி வேலையைச் செய்தன. குரு குறைந்தது, போகவில்லை. அப்படியானால் மீதிப் பாதி என் கையில்தான் இருக்கிறது. இந்த யோசனை வந்ததும் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. ஊரார் கக்கத்தில் வேலை செய்கிறவள், ஒரு தடவையாவது ஒரு கக்கத்தில் முடி எப்படி வளர்கிறது என்று உற்றுப் பார்த்திருக்கிறேனா? இல்லை. அவர்கள் வெட்கப்பட்டுக் கண்ணை மூடுவார்கள், நானும் மரியாதைக்கு வேறெங்கோ பார்த்துக்கொண்டே இழுப்பேன். நல்ல லட்சணம்!

மூன்று வாரம் எனக்கே முடி வளரவிட்டேன். ஒரு நாள் வீட்டுக்காரர் ஆபீஸ் போனதும் முன்னால் ஒரு கண்ணாடி, பக்கவாட்டில் ஒரு கண்ணாடி வைத்துக்கொண்டு, கையைத் தூக்கிச் சீப்பால் வாரிப் பார்த்தேன். மேல் பாதியில் உள்ள முடி மேல்நோக்கிப் போகிறது. கீழ்ப் பாதியில் உள்ளது கீழ்நோக்கி. நடுவில் ஒரு கொத்து மார்புப் பக்கம் சாய்ந்து கிடக்கிறது. படத்தில் மழை பெய்தது, இங்கே சுழற்காற்று! ஒரே இழுப்பில் இழுத்தால் கீழ்ப் பாதி வேரோடு வரும். மேலே உள்ளதும் பக்கத்தில் உள்ளதும் தோலுக்குள்ளேயே முறியும். முறிந்த முடி மறுபடி வளரும்போது வெளியே வர வழி தெரியாமல் உள்ளேயே சுருளும். அதுதான் குரு. அங்கேயே பாகை எடுத்து, மூன்று சின்னத் திட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அது வளர்கிற பக்கம் தடவி, தோலை இறுக்கிப் பிடித்து, எதிர்ப் பக்கம் இழுத்தேன். கடைசித் திட்டை இழுத்தபோது வீட்டுக்காரர் சாப்பாட்டுக்கு வந்து நின்றார். நான் ஒரு கையைத் தூக்கியபடியே, "ஏங்க, மூணு திசைங்க! மூணு திசை!" என்று கத்தினேன். மனுஷன் என்னையும் இரண்டு கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தார். "சரிட்டி, கண்டுபிடிச்சிட்டே. சோறு எந்தத் திசையில இருக்கு?"

கான்ஜிபாயின் பிளேடு

என் கக்கத்தில் நாலாம் நாள் ஒன்றுமில்லை. பத்தாம் நாளும் ஒன்றுமில்லை. சுமதியைக் கெஞ்சிக் கூட்டிவந்து மூன்று திட்டாகச் செய்தேன், அவளுக்கும் ஒன்றுமில்லை. நைலக்ஸ் சகோதரிகள் முகத்தைச் சுளித்துக்கொண்டே பருத்தி உடுத்தினார்கள், அவர்களுக்கும் இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. படியில் இறங்கும்போதெல்லாம் பாட்டு வந்தது. ஆனால் மாடி அறை யார் கையில் இருக்கிறதோ, அந்த ஹன்ஸாவுக்கு மட்டும் அடுத்த தடவையும் குரு கிளம்பியது. கர்பாவுக்கு ஆறு வாரம். நான் அவளுக்கு எல்லாம் சொல்லியிருந்தேன், அவளும் எல்லாம் செய்ததாகச் சொன்னாள். அவள் முடி மட்டும் எப்போது பார்த்தாலும் துடைப்பக்கட்டைத் தூர் மாதிரி குட்டையாக, முரடாக இருக்கும். சில குடும்பத்துக்கு முடி அப்படித்தான் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலை கீழே ஒரே சத்தம். ஹன்ஸாவின் அப்பா கான்ஜிபாய் முகம் முழுக்கப் பத்திரிகைத் துண்டு ஒட்டிக்கொண்டு நின்றார், சவரத்தில் வெட்டிய காயங்கள். கையில் பிளேடு பாக்கெட். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான், புது பிளேடு இரண்டாம் நாளே மழுங்கிப்போகிறது, கடைக்கே போய்ச் சண்டை போடப் போகிறேன் என்று குதித்தார். சாது மனுஷன், அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. எனக்குப் படியின் நடுவிலேயே கால் நின்றுவிட்டது. அவர் என்னைப் பார்த்து நியாயம் கேட்டார்: "சரோஜாபென், நீ பறை, ரெண்டு கன்னத்துக்கு ஒரு பிளேடு எத்தனை நாள் வரணும்?"

வருவதற்கு முன்னால்

ஹன்ஸாவை மாடிக்குக் கூப்பிட்டேன். கதவைச் சாத்தினேன். "அப்பா பிளேடை எடுக்கிறது நீதானே?" என்று கேட்டேன். இல்லை என்றாள். கையைத் தூக்கு என்றேன். தூக்காமல் அழுதாள். அழுதுகொண்டே எல்லாம் வந்தது. என்னிடம் வருவதற்கு நாலு நாள் முன்னால் ஒவ்வொரு தடவையும் வழித்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள், அதுவும் சோப்பில்லாமல், அவசர அவசரமாக, தண்ணீர்கூடத் தொடாமல், முடிக்கு எதிர்ப்பக்கமாக. அப்போதுதான் முளைத்த தூரில் நான் பாகைப் போட்டு இழுத்தால் அது பிடிபடுமா? முறியத்தான் முறியும். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கக்கத்தை இப்படிப் பாடுபடுத்தியிருக்கிறோம்.

எனக்கு வந்த கோபத்துக்கு நாலு அறை விட்டிருப்பேன். "ஏட்டி, முடி எடுக்கத்தானே என்கிட்ட வர்றே? அப்புறம் எதுக்கு எடுத்துட்டு வர்றே?" என்று கத்தினேன். வேலைக்காரி வருமுன் பாத்திரத்தைத் தேய்த்து வைக்கிற வீட்டுக்காரி மாதிரி இருந்தது கதை. ஆனால் கத்தும்போதே மெட்ராஸில் பென்சில் தேடியவளின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. என் குரல் தானாக இறங்கிவிட்டது. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "அத்தனை முடியோட உங்க முன்னாடி கையைத் தூக்க எனக்கு வெட்கமா இருந்துது ஆன்ட்டி."

அரிசி நீளம்

விசாரித்துப் பார்த்தால் ஆரம்பத்தில் பாதிப் பேர் இதே கேஸ்! ரமணி டீச்சர் ஒத்துக்கொண்டார். நைலக்ஸ் அக்கா கடவுள்மேல் ஆணையாக இல்லை என்றாள், தங்கை அவளைக் காட்டிக்கொடுத்தாள். அன்றைக்கே அட்டையில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிக் கதவின் உட்பக்கம் மாட்டினேன்: "வழித்துவிட்டு வரக்கூடாது. அரிசி நீளம் வளர்ந்த பிறகு வரவும். இங்கே யாரும் சிரிக்க மாட்டார்கள்." குஜராத்தியில் ஹன்ஸாவே எழுதிக்கொடுத்தாள்.

அவளுக்கு நான் போட்ட சட்டம் வேறு. நாலு வாரம் கக்கத்தை யாரும் தொடக்கூடாது, நானும் சேர்த்துத்தான். காலை மாலை இளஞ்சூட்டு ஒத்தடம், பருத்தித் துணி, காரமில்லாத சோப்பு. சிவப்பு அடங்கிய பிறகு ஈரிழைத் துண்டை நனைத்து, குழந்தையின் கன்னத்தைத் துடைக்கிற மாதிரி மெல்ல வட்டமாகத் துடைக்க வேண்டும், அவ்வளவுதான். ஜசுபென்னுக்கு இந்தச் சும்மா இருக்கிற வைத்தியம் பிடிக்கவேயில்லை. கர்பா நெருங்க நெருங்க மாடிக்கும் கீழ்வீட்டுக்குமாக நடந்தார். யாரோ சொன்னார்கள் என்று கறுத்த தழும்புக்கு எலுமிச்சையை வெட்டித் தேய்க்க வந்தார். நான் பறித்து ஜன்னலில் வைத்தேன். மூன்றாம் வாரம் மகளின் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்: "ஈஸ்வரா, குரு போய், கரடி வந்து!"

கர்பா

கர்பாவுக்கு ஐந்து நாள் முன்னால் கரடியை விரட்டினேன். மூன்று திட்டு, மூன்று திசை, தோலை இறுக்கிப் பிடித்து, அவசரமே இல்லாமல். ஹன்ஸா கண்ணை மூடவில்லை, நானும் வேறெங்கும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு நாலாம் நாள் வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. விடிந்ததும் அவளே படியேறி ஓடிவந்து, வாசலிலேயே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள். ஒரு பொரி இல்லை. சிவப்பு இல்லை. நான் அவளைக் கட்டிக்கொண்டு குதித்த குதியில் கீழே சுண்ணாம்பு உதிர்ந்ததாகக் கான்ஜிபாய் பிறகு சொன்னார்.

மறுநாள் சாயங்காலம் முற்றத்தில் பந்தல். பம்பாய்க்காரர்கள் வரிசையாக நாற்காலியில். பெண்கள் வட்டமாகச் சுற்றினார்கள், நடுவில் ஹன்ஸா பச்சை ஜாக்கெட்டில். மூன்று மாதம் முன்னால் கையை ஒட்டிக்கொண்டு நடந்த பெண், இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கித் தட்டினாள். ஒரு தடவை இல்லை, நூறு தடவை. நான் சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்தேன். ஜனங்கள் அவள் முகத்தையும் நகையையும் பார்த்தார்கள், நான் பார்த்தது வேறு. கண் நிறைந்துவிட்டது எனக்கு.

மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி, பம்பாயில் பெரிய பெரிய பார்லரெல்லாம் பார்த்தவள், ஜசுபென்னிடம் குனிந்து ஏதோ கேட்டாள். பெண்ணுக்குக் கக்கத்து முடி எடுத்தது யார், நாளைக்குள் தனக்கும் செய்து தர முடியுமா என்று. ஜசுபென் தலையை நிமிர்த்திக்கொண்டு, இப்போது இடமில்லை, வழித்திருந்தால் செய்யவும் மாட்டார்கள், அரிசி நீளம் வேண்டும் என்று, அட்டையைப் பார்க்காமலேயே ஒப்பித்தார். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. கூட்டம் கலைந்ததும் பக்கத்தில் போய், "ஜசுபென், நான் மாடியை எப்போ காலி பண்ணணும்?" என்று வேண்டுமென்றே கேட்டேன். அவர் லட்டுத் தட்டை என் கையில் திணித்தார், அதில் இருந்த ஒன்றை எடுத்து என் வாயையும் அடைத்தார். "காலியோ? யார் பறஞ்ஞு? நாளைக்குப் பக்கத்து ரூமும் திறந்து தரேன், இப்போ மிண்டாம தின்னு!"

அந்த இரண்டு அறையிலும் அப்புறம் கையைத் தூக்கிய பெண்களில் பாதிப் பேரின் முகம் எனக்கு மறந்துபோய்விட்டது, ஆனால் இன்றைக்கும் தெருவில் யாராவது சேச்சி என்று கூப்பிட்டுக் கையை உயர்த்தி ஆட்டினால் பேரைச் சொல்லிவிடுவேன்.